வக்கீல் எம்.எல்.ஏ. ஆயிட்டாரு, என் கேஸ் கட்டு எங்கேங்க?

மரவள்ளி (ஞாயிறு, காலை 7.40)

எந்தக் கட்சி, எந்தத் தொகுதின்னு யாரும் கேக்காதீங்க, சொல்ல மாட்டேன். சேலம் மாவட்டத்துல 11 தொகுதி. அதுல ஒண்ணாவும் இருக்கலாம், பக்கத்து மாவட்டமாவும் இருக்கலாம்.

ஆத்தூர்ப் பக்கம் எங்களுக்கு நாலு ஏக்கர் மரவள்ளிக் காடு. காட்டுக்குப் போற வண்டிப் பாதையைப் பக்கத்துக் காட்டுக்காரர் கம்பி வேலி போட்டு அடைச்சுட்டார். கிழங்கு பிடுங்கினா ரோடு வரைக்கும் தலைச்சுமைதான். ஆள் கூலியே கிழங்கு விலையைத் தின்னுடும். அப்பா இருக்கும்போது போட்ட கேஸ். அப்பா போயிட்டார், கேஸ் இருக்கு.

எங்க வக்கீல் கெட்டிக்காரர். அதைச் சொல்லாம விட்டாப் பாவம். குறுக்கு விசாரணையில எதிராளிகிட்ட, "அங்க ஒரு புளியமரம் நிக்குதே, கிழக்கயா மேற்கயா?"ன்னு கேட்டார். அவர் "மேற்க"ன்னார். "எதுக்கு மேற்க?"ன்னார் எங்க வக்கீல். "பாதைக்குத்தான்"னு வாயில வந்துடுச்சு. பாதையே கிடையாதுன்னு எழுதிக் குடுத்த மனுசன்! வெளிய வந்ததும் அப்பா வக்கீலுக்கு எளநி வெட்டச் சொன்னது இன்னும் கண்ணுல நிக்குது.

அந்த வக்கீல்தான் எம்.எல்.ஏ. ஆனார். நாங்களும்தான் பட்டாசு வெடிச்சோம். அதுக்கப்புறம் ஏழு வாய்தா. ஜூனியர் தம்பி வந்து நிக்கும், "சீனியர் சட்டசபையில இருக்காருங்கய்யா"ங்கும். சபை இல்லாத மாசத்துல "தொகுதியில இருக்காருங்கய்யா". போன வாரம் நானே அவர் ஆபீசுக்குப் போனேன். பிளாஸ்டிக் சேர் முப்பது இருக்கும், கல்யாணப் பத்திரிகையோட பத்துப் பேர் காத்திருக்காங்க. மூலையில பொன்னாடையா அடுக்கி இடுப்பு உசரத்துக்கு நிக்குது. அதுக்கு அடியில பழைய கேஸ் கட்டுங்க, நாடா வெளிய தொங்குது. எங்க கட்டும் அதுலதான் இருக்கணும். அத்தனை பேருக்கு நடுவுல கேக்க வாய் வரலை. திரும்பிட்டேன்.

கேள்வி ஒண்ணுதான். எம்.எல்.ஏ. ஆனவுடனே கறுப்புக் கோட்டைக் கழட்டணும்னு சட்டம் இல்லையா? இல்லைன்னா, இருக்கணுமா வேண்டாமா?

கறுப்புக்கோட்டு

சட்டம் இல்லை. இருக்கவும் வேண்டாம் என்பது என் வாதம். சேலம் அஸ்தம்பட்டி கோர்ட்டில் 22 வருடமாக வக்கீலாக நிற்கிறேன், அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இந்தக் கேள்வி சுப்ரீம் கோர்ட் வரை போய் 2018 செப்டம்பர் 25-ஆம் தேதி பதிலும் வந்துவிட்டது. எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும் வக்கீல் தொழில் செய்யக் கூடாது என்று ஒருவர் பொதுநல வழக்குப் போட்டார். (போட்டவரும் வக்கீல், அரசியல்வாதியும்கூட. சிரிக்காதீர்கள்.) முழுநேரச் சம்பள ஊழியராக இருப்பவர் வக்கீல் தொழில் நடத்தக் கூடாது என்பது பார் கவுன்சிலின் 49-ஆம் விதி. அவர் பிடித்துக்கொண்டது அதை. நீதிபதிகள் தீபக் மிஸ்ரா, கான்வில்கர், சந்திரசூட் மூவரும் சொன்னது என்னவென்றால், சட்டமன்ற உறுப்பினர் சம்பளம் வாங்குகிறார், சரி. ஆனால் அவர் யாருக்கும் ஊழியர் இல்லை, அரசாங்கம் அவருக்கு முதலாளியும் இல்லை. அதனால் 49 அவரைத் தொடாது. தடுக்கிற மாதிரி வேறு விதி எதையும் பார் கவுன்சில் செய்யவும் இல்லை.

போஸ்டரில் 'முன்னாள் வழக்கறிஞர்' என்று போடுகிறார்களே, அது பெரும்பாலும் அலங்காரம். பார் கவுன்சிலுக்கு எழுதிக் கொடுத்துச் சன்னதை (தொழில் நடத்தும் உரிமத்தை) நிறுத்தி வைக்காதவரை அவர் இந்நாள் வழக்கறிஞர்தான்.

ஏன் கழற்ற வேண்டாம் என்கிறேன்? ஐந்து வருடம் கழித்துத் தோற்றால் அவர் எதை வைத்துப் பிழைப்பார்? கைத்தொழில் உள்ளவன்தான் தலைமையிடம் "முடியாது" என்று ஒரு தடவையாவது சொல்வான். அரசியலைத் தவிர வேறு வருமானமே இல்லாதவன் கான்ட்ராக்டர் வீட்டு வாசலில் நிற்பான். எது பரவாயில்லை?

ஐந்துரோடு

யாருக்கும் ஊழியர் இல்லையா? "உங்கள் ஊழியன்"னு ரெண்டு கையையும் கூப்பிப் போட்ட பேனர் எங்க முக்குல இன்னும் கிழியாம நிக்குதே சார். அதை என்ன விதியில சேக்கிறது?

பழம்பேரேடு

வக்கீல் நண்பர் சட்டத்தைச் சொல்லிவிட்டார். மரபைச் சொல்ல ஓர் ஆள் வேண்டாமா? நான் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்தி ஓய்வு பெற்றவன்.

இந்த ஊரில் பொதுவாழ்வுக்கு வந்தவர்கள் தொழிலைத் தூக்கி எறிந்துவிட்டு வந்தார்கள். ராஜாஜி 1900-இல் சேலத்தில் வக்கீலாக உட்கார்ந்தார். நல்ல வருமானம், நல்ல பெயர். அத்தனையையும் விட்டுவிட்டு ஒத்துழையாமைக்குப் போனார். பிறகு திருச்செங்கோட்டுப் பக்கம் புதுப்பாளையத்தில் ஆசிரமம் போட்டுக் கதர் வேலை பார்த்தார். திரும்ப ஒருநாளும் கட்டணம் வாங்கி வாதாடவில்லை. ஒரு காலை ஆற்றிலும் ஒரு காலைச் சேற்றிலும் வைத்துக்கொண்டிருந்தால் மரவள்ளித் தம்பிக்கு வந்த கதிதான் எல்லோருக்கும் வரும்.

கறுப்புக்கோட்டு

ஐயா, தங்கள் சரித்திரத்தில் ஒரு பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறது, பிரித்துப் பாருங்கள்.

ராஜாஜி சேலம் நகராட்சித் தலைவராக இருந்தது 1917 முதல் 1919 வரை. அப்போது அவர் வக்கீல் தொழிலை விடவில்லை. 1918-இல் மதுரைப் பேச்சுக்காக டாக்டர் வரதராஜுலு நாயுடு மீது ராஜத்துரோக வழக்கு வந்தபோது அவருக்காக வாதாடியவர் யார்? இதே சேலம் நகராட்சித் தலைவர்தான். அவர் தொழிலை விட்டது பதவிக்கு வந்ததால் இல்லை, வெள்ளைக்காரன் கோர்ட்டே வேண்டாம் என்று காங்கிரஸ் சொன்னதால். இரண்டும் வேறு.

நகராட்சியையும் சும்மா பார்க்கவில்லை. தாழ்த்தப்பட்ட சமூகத்திலிருந்து முதல் உறுப்பினர் சேலம் நகராட்சிக்குள் வந்தது அந்த இரண்டு வருடத்துக்குள்தான். கோட்டு இடைஞ்சல் செய்ததாகத் தெரியவில்லை.

பழம்பேரேடு

ஒப்புக்கொள்கிறேன். வரதராஜுலு நாயுடு வழக்கு நினைவில் இருந்தும் தேதியைக் கோர்த்துப் பார்க்கவில்லை. தோற்றுவிட்டேன் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

உங்கள் பக்கத்துக்கு இதைவிட நல்ல சாட்சி ஒன்று இருக்கிறது, அதையும் நானே தருகிறேன். சேலம் விஜயராகவாச்சாரியார். பிறந்தது பொன்விளைந்தகளத்தூர், ஆசிரியராகச் சேலம் வந்தார். சட்ட வகுப்பு வாசலையே மிதிக்காமல் தானே படித்துத் தேறி வக்கீலானார். 1882-இல் நகராட்சி உறுப்பினர். அதே வருடம் ஊரில் நடந்த கலவரத்தைத் தூண்டினார் என்று பத்து வருடத் தண்டனை கொடுத்தார்கள். சென்னை ஹைகோர்ட்டில் மேல்முறையீடு செய்து விடுதலையானார். வேறொருவராக இருந்தால் பிழைத்தோம் என்று வீட்டில் உட்கார்ந்திருப்பார். இவர் பறித்த நகராட்சிப் பதவிக்காகத் திரும்ப வழக்காடி, பதவியையும் வாங்கினார், நஷ்டஈடாக 100 ரூபாயும் வாங்கினார். நூறு ரூபாய்! பணத்துக்காகவா கேட்டார்?

1895 முதல் 1901 வரை சென்னை லெஜிஸ்லேடிவ் கவுன்சிலில் இருந்தார். 1892-ஆம் வருடச் சட்டப்படி நடந்த கவுன்சில் அது. கேள்வி கேட்கலாம், பட்ஜெட் மேல் பேசலாம், பட்ஜெட் மேல் ஓட்டுப் போட முடியாது. கையில் வாய் ஒன்றுதான் ஆயுதம் என்றால் வக்கீலைத் தவிர வேறு யாரை அனுப்புவது?

கடைசியாக ஒரு வேடிக்கை. வக்கீல்கள் கோர்ட்டை விட்டு வெளியே வர வேண்டும் என்று தீர்மானம் போட்ட 1920 நாகபுரி காங்கிரசுக்குத் தலைமை வகித்தவர் இந்த வக்கீல்தான். ஒத்துழையாமையில் அவருக்கு அவ்வளவாக மனம் ஒப்பவில்லை என்பது வேறு.

லீபஜார் மூட்டை

ரெண்டு பேரும் ராஜாஜியை நடுவுல வெச்சுக் கும்மி அடிக்கிறீங்க. நான் கொஞ்சம் கல்லு போடறேன்.

ஒண்ணு. அவர் ரெண்டு தடவை முதல்வர் நாற்காலியில உக்காந்தார். 1937-ல பட்டதாரிகள் ஓட்டுப் போடற சென்னைப் பல்கலைக்கழகத் தொகுதியில நின்னு வந்தார். 1952-ல அதுவும் இல்ல, கவர்னர் நியமனத்துல மேல்சபை உறுப்பினர். எங்க லீ பஜார் மூட்டைத் தூக்கறவன் ஒருத்தன் ஓட்டாவது அவருக்கு விழுந்துதா? வக்கீலுக்கு வழி தெரியும்னு சொல்றது இதைத்தான்.

ரெண்டு. 1938-ல இந்தி கட்டாயம்னு உத்தரவு போட்டு, மறியல் பண்ணினவங்களை எதை வெச்சு உள்ள தள்ளினார்? 1932-ல வெள்ளைக்காரன் காங்கிரஸ்காரங்களை அடக்கப் போட்டானே கிரிமினல் சட்டத் திருத்தச் சட்டம், அதேதான். தன் கட்சிக்காரங்க முதுகுல விழுந்த பிரம்பை எடுத்துத் தாளமுத்து நடராசன் வகையறா மேல வீசினார். சட்டம் தெரியாதவனுக்கு அந்த யோசனை வந்திருக்காது.

மூணு, எங்க சொந்தக் கணக்கு. 1937 அக்டோபர் 1-ஆம் தேதி இந்தியாவுலயே முதல்ல நம்ம சேலம் ஜில்லாவுலதான் மதுவிலக்கு வந்துச்சு. சந்தோசம், குடும்பம் பொழைச்சுது. போன கள்ளு வருமானத்தை எங்க பிடிச்சார்? 1939-ல விற்பனை வரி, அரை சதவீதம். நாட்டுக்கே அவர்தான் வழிகாட்டி. எங்க தாத்தா பேரேட்டுல அந்த அரை சதவீதத்துக்குத் தனிக் கோடு கிழிச்சு வெச்சிருப்பார். இன்னைக்கு நான் ஜி.எஸ்.டி. கட்டற ஒவ்வொரு மாசமும் அந்த வக்கீல் ஞாபகம் வருது.

கறுப்புக்கோட்டு

கல் சரியாகத்தான் விழுகிறது. ஒன்றை மட்டும் தடுக்கிறேன்.

1939 ஜூலை 8, மதுரை மீனாட்சியம்மன் கோவில். வைத்தியநாத ஐயர் (அவரும் வக்கீல்) தாழ்த்தப்பட்டவர்களையும் நாடார் ஒருவரையும் கூட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார். பழைய வழக்கத்தை மீறினார்கள் என்று உள்ளே போனவர்கள் மேலும், விட்ட கோவில் அதிகாரிகள் மேலும் வழக்கு வர இருந்தது. ராஜாஜி அரசு என்ன செய்தது? முதலில் அவசரச் சட்டம், பிறகு ஆலயப் பிரவேச அனுமதி மற்றும் பாதுகாப்புச் சட்டம். 'பாதுகாப்பு' என்ற அந்த ஒரு சொல்லைக் கவனியுங்கள். நடந்து முடிந்த செயலுக்குப் பின்னாலிருந்து காப்புக் கொடுப்பது. மேடையில் பேசுகிறவன் "கோவில் எல்லோருக்கும் பொது" என்று முழங்கிவிட்டு இறங்கிவிடுவான். நாளைக்குச் சம்மன் யார் வீட்டுக்கு வரும் என்று யோசிப்பது வக்கீல்.

லீபஜார் மூட்டை

நான் சொன்னதுக்கு நீங்க சாட்சி சொல்றீங்க சார். கத்தி நல்ல கத்தி. பழமும் நறுக்கும், விரலும் நறுக்கும். சட்டம் தெரிஞ்ச ஆளு தான் நினைச்சதைச் சுளுவா முடிச்சுக்குவார், நல்லதோ கெட்டதோ.

1953-ல அரை நாள் பள்ளிக்கூடம், மீதி நேரம் அப்பன் தொழில்னு அவர் கொண்டாந்த திட்டத்தை எடுத்துப் போட்டது யார்? ஆறாவதோட பள்ளிக்கூடத்தை விட்ட காமராஜர். எல்.எல்.பி. படிச்சா வந்தார்?

கறுப்புக்கோட்டு

காமராஜர் அமைச்சரவையில், 1954-இல் சபையில் எழுந்து அந்தத் திட்டம் வாபஸ் என்று அறிவித்த கல்வி அமைச்சர் சி.சுப்பிரமணியம். கோயம்புத்தூர் வக்கீல்.

ஐந்துரோடு

இந்த மாநிலத்துல வக்கீல் கை படாத காயிதம் ஒண்ணாவது இருக்கா? தலை சுத்துது. போய் ஒரு தட்டுவடை செட்டு சாப்பிட்டு வந்துடறேன்.

சில்வர்ஓக் (ஞாயிறு, இரவு 9.15)

வணக்கம். நான் ஏற்காட்டு மலைக் கிராமத்துப் பெண். 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்து ஏரியில் படகு விட்டுவிட்டு இறங்கிப் போகிறவர்கள் எங்கள் ஊர்ப் பக்கம் வர மாட்டார்கள், பெயர் சொன்னாலும் தெரியாது. காலையிலிருந்து படித்துக்கொண்டு வருகிறேன். அண்ணன்மார் எல்லோரும் பெரிய பெரிய ஆட்களைப் பற்றிப் பேசுகிறீர்கள். நான் சின்னதாக ஒன்று சொல்லலாமா?

234 தொகுதியில் பழங்குடியினருக்கு என்று ஒதுக்கியது இரண்டே இரண்டு. எங்கள் ஏற்காடு, அந்தப் பக்கம் சேந்தமங்கலம். அதனால் எங்கள் எம்.எல்.ஏ.வுக்கு எது தெரிந்திருக்க வேண்டும் என்பது எங்களுக்கு ரொம்ப முக்கியம்.

எங்கள் தாத்தா காலத்திலிருந்து அனுபவிக்கும் நிலம். ஓரத்தில் இரண்டு பலா, நடுவில் கொஞ்சம் காப்பி, சில்வர் ஓக்கில் மிளகுக் கொடி ஏற்றியிருக்கிறோம். 2006-ஆம் வருட வன உரிமைச் சட்டத்தில் மனுக் கொடுத்தோம். அதிகாரி ஒருவர் கேட்டார், "2005-க்கு முன்னால இருந்தீங்கன்னு காயிதம் இருக்கா?" பலா மரத்தைக் காட்டினோம். "மரம் பேசுமா?" என்று சிரித்தார். அப்பா தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டார்.

பிறகு சேலத்தில் சட்டம் படிக்கும் ஒரு தோழி விதிப் புத்தகத்தை எடுத்து வந்து காட்டினாள். 13-ஆம் விதி. என்னென்ன சான்று செல்லும் என்று வரிசையாக இருக்கிறது. மனுதாரர் அல்லாத ஊர்ப் பெரியவர்கள் சொல்வதை எழுத்தில் எடுத்தால் அதுவும் சான்று. 2005 டிசம்பர் 13-க்கு முன்னாலிருந்து நிலம் எங்கள் கையில் இருந்தது என்று எங்கள் பாட்டன்மார் வாயால் சொன்னால் போதும், இன்னொரு சான்றோடு சேர்த்து. அதாவது மரம் பேச வேண்டாம், மரத்தைத் தெரிந்த கிழவர் பேசினால் போதும்.

அந்த ஒரு வரி எங்களுக்காக ஓட்டுக் கேட்டு வந்த யார் வாயிலிருந்தும் இத்தனை வருடத்தில் வரவில்லை. அந்த வரி தெரிந்த வக்கீல் எம்.எல்.ஏ. ஒருவர் இருந்திருந்தால், கோட்டுப் போட்டிருந்தால் என்ன, வேட்டி கட்டியிருந்தால் என்ன?

லீபஜார் மூட்டை

தங்கச்சி, நீ சொன்னது வலிக்குது. ஆனா அந்த வரியைப் படிக்கச் சன்னது எதுக்கு? எழுத்துக் கூட்டத் தெரிஞ்சாப் போதாதா? உன் தோழி இன்னும் வக்கீலே ஆகலையே.

சில்வர்ஓக்

எழுத்துக் கூட்டலாம் அண்ணா. எந்தப் புத்தகத்தில் கூட்டுவது என்று தெரிய வேண்டாமா?

இன்னொன்றும் இருக்கிறது. பழங்குடிப் பட்டியலில் எங்கள் 'மலையாளி' இனத்தின் பெயருக்குப் பக்கத்தில் சேலம், தர்மபுரி என்று சில மாவட்டங்களின் பெயர் மட்டும் இருக்கிறது. அந்தியூர்ப் பக்கத்து மலையில் இருக்கும் அதே சனம், எங்களுக்குப் பெண் கொடுத்தவர்கள், எடுத்தவர்கள், ஈரோடு மாவட்டம் என்பதால் பட்டியலில் இல்லை. தேர்தலுக்குத் தேர்தல் "நான் ஜெயித்தால் சேர்த்துவிடுவேன்" என்கிறார்கள். பட்டியலைத் திருத்துவது பாராளுமன்றம். எம்.எல்.ஏ. சிபாரிசு கேட்டுக் குரல் கொடுக்கலாம், அவ்வளவுதான். சட்டம் தெரிந்த ஆள் வந்தால் எங்களிடம் இந்தப் பொய்யாவது சொல்ல மாட்டார்.

ஐந்துரோடு

சட்டம் தெரிஞ்சவன் பொய் சொல்ல மாட்டானா? தங்கச்சி இன்னும் மலையை விட்டு இறங்கல.

கறுப்புக்கோட்டு

@ஐந்துரோடு, அந்தப் பெண் சொன்னதற்குக் கிண்டல் வேண்டாம்.

எட்டுவழிச் சாலையை நினைத்துப் பாருங்கள். சேலத்திலிருந்து சென்னைக்கு 277 கிலோமீட்டர். அளவுக்கல் நட வந்தபோது கிழவிகள் காட்டில் விழுந்து அழுததை ஊரே பார்த்தது. 2019 ஏப்ரல் 8-ஆம் தேதி நிலம் எடுக்கும் அறிவிப்புகளைச் செல்லாது என்றது சென்னை ஹைகோர்ட். அன்று விவசாயிக்குக் கை கொடுத்தது சபையில் நடந்த பேச்சா, கோர்ட்டில் நடந்த வாதமா? இரண்டு இடத்திலும் நிற்கத் தெரிந்த ஆளை ஏன் ஒரு இடத்திலிருந்து விரட்டுகிறீர்கள் என்பதுதான் என் கேள்வி.

லீபஜார் மூட்டை

2020 டிசம்பர் 8. இருபதே மாசம். அந்தத் தீர்ப்பைச் சுப்ரீம் கோர்ட் ரத்து பண்ணிடுச்சு. அதையும் சேர்த்துச் சொல்லுங்க சார். கோர்ட்டுல ஜெயிச்சது கோர்ட்டுல போகும். சபையில சட்டத்தையே மாத்தினாத்தான் நிக்கும். அங்க போய் உக்காரத்தான் மாசம் 1,05,000 ரூபா குடுக்கறோம். அந்த ஆளு காலையில கோர்ட்டு வராண்டாவுல நின்னா மசோதாவை யாரு படிப்பா?

கறுப்புக்கோட்டு

சபை வருடம் முழுக்கவா நடக்கிறது? சபையின் 110-ஆம் விதியில் அமைச்சர் அறிக்கை வாசித்தால் விவாதமே கிடையாது, தெரியுமல்லவா? மேஜையைத் தட்டத்தான் வேலை.

மரவள்ளி (திங்கள், காலை 6.05)

எல்லாருக்கும் வணக்கமுங்க. ராத்திரி தூக்கம் வரல, முழுசும் படிச்சேன். ராஜாஜி, விஜயராகவாச்சாரியார், காமராஜர், எல்லாரும் வந்துட்டுப் போயிட்டாங்க. என் கட்டு மட்டும் இன்னும் பொன்னாடைக்கு அடியிலதான் கிடக்கு.

வக்கீல் சார்கிட்ட ரெண்டு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. ஏழு வாய்தா வாங்கச் சட்டத்துல இடம் இருக்கா? கட்டைத் திருப்பிக் கேட்டா, பாக்கி பீசு குடுத்தாத்தான் தருவேன்னு சொல்ல அவருக்கு உரிமை இருக்கா? கொஞ்சம் பாக்கி இருக்குங்க, மறைக்கல.

கறுப்புக்கோட்டு

கோபமில்லை. நேராகப் பதில் சொல்கிறேன், என் வாதத்துக்கு எதிராகப் போனாலும்.

சிவில் நடைமுறைச் சட்டம், 17-ஆம் கட்டளை, முதல் விதி. விசாரணை நடக்கும்போது ஒரு தரப்புக்கு மூன்று வாய்தாவுக்கு மேல் கொடுக்கக் கூடாது. வக்கீல் வேறு கோர்ட்டில் இருக்கிறார் என்பதைக் காரணமாக ஏற்கவே கூடாது என்றும் அதில் இருக்கிறது. 'வேறு கோர்ட்' என்றுதான் இருக்கிறது. சட்டசபையைப் பற்றி அந்த விதி பேசவில்லை. நடைமுறையில் கோர்ட்டுகள் தாராளமாகத்தான் கொடுக்கின்றன, மூன்று என்பது புத்தகத்தில் இருக்கும் மூன்று.

கட்டு விஷயம் தெளிவு. ஃபீஸ் பாக்கிக்காகக் கட்சிக்காரரின் கட்டைப் பிடித்து வைக்க வக்கீலுக்கு உரிமை கிடையாது. 2000-இல் ஆர்.டி.சக்சேனா வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொன்னது. பாக்கிக்கு அவர் தனியாக வழக்குப் போட்டுக்கொள்ளலாம், கட்டைத் தந்தே ஆக வேண்டும். வக்காலத்தை மாற்ற அவரிடம் சம்மதம் எழுதி வாங்குங்கள், மறுத்தால் கோர்ட் அனுமதி வாங்கலாம். சண்டை போடாமல் கேளுங்கள். பத்திரிகை வைக்க வந்தவர்கள் போன பிறகு, மத்தியானம் இரண்டு மணி வாக்கில் போனால் ஆள் தனியாகக் கிடைப்பார். இது அனுபவம்.

மரவள்ளி

நீங்களே எடுத்து நடத்த முடியுங்களா?

கறுப்புக்கோட்டு

முடியாது. வக்கீல் வேலை தேடிப் போகக் கூடாது, விளம்பரம் கூடாது என்பது பார் கவுன்சிலின் 36-ஆம் விதி. இங்கே இத்தனை பேர் முன்னால் வாய் கிழியப் பேசிவிட்டு உங்கள் வழக்கை நான் வாங்கினால், இந்தப் பேச்சே விளம்பரமாகிவிடும். அஸ்தம்பட்டியில் யாரை வேண்டுமானாலும் பாருங்கள். போகும்போது இந்திய வசதியுரிமைச் சட்டம், 1882, 15-ஆம் பிரிவு என்று சொல்லுங்கள். 20 வருடம் இடையூறு இல்லாமல் பாதையை அனுபவித்திருந்தால் உரிமை முற்றிவிடும். புளியமரத்துச் சாட்சியம் உங்கள் தங்கம், அதை விட்டுவிடாதீர்கள்.

பழம்பேரேடு

1882! விஜயராகவாச்சாரியாரைப் பிடித்து உள்ளே வைத்த அதே வருடம். சும்மா சொன்னேன்.

ஒன்று மட்டும். வக்கீல் நண்பர் இப்போது செய்தது இருக்கிறதே, கையில் வந்த வழக்கை வேண்டாம் என்றது, நான் முதலில் சொல்ல வந்தது அதைத்தான். ராஜாஜியை இழுத்து வந்து கெடுத்துக்கொண்டேன்.

லீபஜார் மூட்டை

நான் மாறலை. ரெண்டு குதிரையில ஏறினவன் எதுலயாவது ஒண்ணுலேருந்து விழுந்துதான் ஆகணும், அடி படறது கீழ நிக்கறவனுக்கு. ஆனா அந்த 13-ஆம் விதியை மலையில எல்லா ஊருக்கும் அச்சடிச்சுக் குடுக்கறதுன்னா சொல்லு தங்கச்சி, காயிதச் செலவு என்னுது.

சில்வர்ஓக்

கட்டாயம் சொல்கிறேன் அண்ணா. பெரிய எழுத்தில் வேண்டும், பாட்டிகள் படிக்க.

மரவள்ளி (புதன், மாலை 5.50)

போய் வந்தேனுங்க. வக்கீல் சார் சொன்ன மாதிரி ரெண்டு மணிக்கு.

தனியாத்தான் இருந்தார். சோறு தின்னுட்டுக் கை கழுவிட்டு வந்தார். நான் வாய் திறக்கறதுக்கு முந்தியே, "புளியமரந்தானே?"ன்னார். எனக்கு என்னமோ மாதிரி ஆயிடுச்சு. அப்பாவை விசாரிச்சார், போயிட்டார்னு சொன்னேன். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் அவரே எழுந்து போய்ப் பொன்னாடையை எல்லாம் தூக்கிக் கீழ வெச்சு, கட்டைத் தேடி எடுத்து, சட்டையிலயே தூசி தட்டிக் குடுத்தார். சம்மதமும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். பீசு பாக்கியைப் பத்திப் பேச்சே எடுக்கல. கோவம் பாதி எறங்கிடுச்சு. மீதியை வெச்சிருக்கேன், ஏழு வாய்தாவுக்கும் ஆத்தூர்லேருந்து பஸ் ஏறினது நான்தானே.

வீட்டுக்கு வந்து பிரிச்சேன். நாடாவுல பொன்னாடைச் சரிகை ஒட்டிக்கிட்டிருக்கு. உள்ள வாக்குமூல நகல் இருக்கு, புளியமரம் இருக்கு. பத்திர நகலுக்கு நடுவுல அப்பா பஸ் டிக்கெட்டுங்களைக் குத்தி வெச்சிருக்கார், ஒவ்வொண்ணு பின்னாலயும் அன்னைக்கு வாய்தா தேதி, அவர் கையெழுத்துல. இதெல்லாம் கட்டுக்குள்ள எப்படிப் போச்சுன்னு தெரியல. எண்ணிப் பாத்தேன், 31 டிக்கெட்டு.

புது வக்கீல் பாத்துட்டேன். அடுத்த வாய்தா 14-ஆம் தேதி. விடிகாலை ஆறு மணி பஸ்.

கறுப்புக்கோட்டு

14-ஆம் தேதியா? அன்றைக்கு வக்கீல்கள் கோர்ட் புறக்கணிப்பு இருக்கும் போலிருக்கிறது. முதல் நாள் ராத்திரி புது வக்கீலுக்கு ஒரு போன் போட்டுவிட்டுக் கிளம்புங்கள்.